துவைக்க வந்த உடைகளின் கணக்கு

அழுக்கே படாத உடைகளைத்
துவைப்பது எங்கள் பிழைப்பு.

சொங்ஜூ நகரின் ஓரம். இரவு வேலை.
சில்லு செய்யும் கூடத்திலிருந்து
சக்கரக் கூடைகளில் வந்திறங்கும்,
தலை முதல் கால் வரை ஒரே துண்டாய்த் தைத்த உடைகள்.
வெளிப்பக்கம் ஒரு தூசி கிடையாது.
உள்ளேதான் மனிதர்கள்:
கழுத்துப் பட்டியில் வியர்வை,
முழங்கை மடிப்பில் யாரோ தூங்காத தூக்கம்,
ஒருமுறை, கால் பகுதிக்குள்,
ஒரு குழந்தை ஒட்டிவிட்ட முயல் ஸ்டிக்கர்.
அது விதிமீறல்.
யாரிடமும் நான் சொல்லவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில்
கூடைகள் இளைக்கத் தொடங்கின.
இரண்டாயிரத்து நூறு.
ஆயிரத்து எழுநூறு.
பிறகொரு செவ்வாய்க்கிழமை தொள்ளாயிரத்து நாற்பது.
தப்பாக எண்ணிவிட்டேன் என்று
மறுபடி எண்ணினேன்.
தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது.

தொலைக்காட்சியில் டை கட்டியவர்
கையிருப்பு என்றார், தேவை என்றார்,
உலகம் புதுப் போன் வாங்க மறந்துவிட்டது என்றார்.
நாங்கள் ஆறு உலர்த்திகளில் மூன்றை அணைத்தோம்.
அந்தப் பக்கம் போய் நின்றால்
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
என் மூச்சு எனக்கே கேட்டது.

மல்சூனைப் போகச் சொன்னார்கள்.
"தற்காலிகம்தான்" என்றார் மேலாளர் பியோன்,
வெந்நீரை விழுங்கவும் முடியாமல்
துப்பவும் முடியாமல் நிற்பவர்போல.
அவள் தன் ரப்பர் செருப்பைக் கழுவி,
துடைத்து,
என் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது,
முதலில் வந்தது நீலம். பொறியாளர்கள்.
நான்கு கூடை, அடுத்த வாரம் ஐந்தரை.
நீலத்தை நான் நம்புவதில்லை;
கூட்டம் போடவும் நீலம் வரும்.
பிறகு வெள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக.
போன வியாழன், விடிகாலை மூன்று மணிக்கு,
மஞ்சள்.

மஞ்சள் என்றால் இயந்திரம் பொருத்துகிறவர்கள்.
பூட்டிக் கிடந்த கூடத்தில்
யாரோ பெட்டி பிரிக்கிறார்கள் என்று பொருள்.
பதினேழு உடைகள்,
அத்தனையும் முட்டி தேய்ந்தவை.
வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே,
எனக்கு முதலில் முதுகுதான் வலித்தது.
நான்காவது உலர்த்தியைப் போட்டேன்.
அது இருமியது.
நானும்.

நேற்றுத்தான் செய்தித்தாளுக்குத் தெரிந்திருக்கிறது.
'மீட்சியின் அறிகுறிகள்' என்று தலைப்பு.
அடியில் ஒரு வரைபடம்,
மேலே மேலே ஏறும் கோடு.
நல்ல கோடுதான்.
அதற்குக் கழுத்துப் பட்டி இல்லை.

மல்சூனுக்குப் போன் போட்டேன்.
ஜெஜூ தீவில் இருக்கிறாள்,
கமலாப்பழத்தை அளவு பார்த்துப் பிரிக்கும் கொட்டகையில்.
"கூடை நிறையுதா?" என்றாள்.
"மஞ்சள் வந்துடுச்சு" என்றேன்.
கொஞ்ச நேரம் அங்கே
பழங்கள் உருளும் சத்தம் மட்டும்.
"இங்கேயும் மஞ்சள்தான்" என்றாள்.
"இதைத் தின்னலாம்."

அவள் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள்.
இருபத்திரண்டு வயது. பெயர் சேபியோக்,
விடியல் என்று அர்த்தமாம்.
எண்ணும்போது உதடு அசைக்கிறாள்,
நூறு நூறாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறாள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
சொல்லிப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது.

வேலை முடிந்து முசிம் ஆற்றோரம் நடந்தேன்.
மனமில்லாத ஆறு என்று அதற்குப் பெயர்.
செர்ரி பூக்க இன்னும் மூன்று வாரம்.
பூத்தாலும் உதிர்ந்தாலும்
அது ஒரே வேகத்தில் போகும்.
எனக்கு அந்த வசதி இல்லை.

இன்றிரவு இரண்டாயிரத்து இருபது.
வெண்பலகையில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார் பியோன்.
ஆறு உலர்த்தியும் ஓடுகிறது,
பேசினால் கேட்காது.
கீழ்த்தட்டில்
இருநூற்று முப்பத்தைந்தாம் அளவு ரப்பர் செருப்பு
ஒரு ஜோடி.
தூசி படிந்திருந்தது.
துடைத்து வைத்தேன்.